டின் வாங்கப் போன டீச்சர்

எட்டாம் வகுப்புக்கு நான் பாலூட்டிகள் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சும் கவனிக்கும் என்று சங்கராபுரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. திமிங்கிலம் தண்ணீருக்குள் பால் கொடுப்பதையும், வௌவால் தொங்கிக்கொண்டே கொடுப்பதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். 1987 ஆகஸ்டில் என் மகள் சந்தியா பிறந்தாள். வௌவாலுக்கு முடிந்தது விஜயலட்சுமி டீச்சருக்கு முடியவில்லை.

குழந்தை வாய் வைத்தாலே உயிர் போகும். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவேன். அவள் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வீறிடுவாள். உடனே நானும் அழுவேன், அவளைவிட உரக்க. மாமியார் ஜெயம்மாள் பூண்டு, கருவாடு, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றி ஆக்கிப் போட்டார். பால் ஊறியதோ இல்லையோ, நான் ஊதினேன்.

"உங்க அம்மா வழியிலயே பாலு கம்மி போலக்கீது," என்றார் மாமியார்.

"ஹார்மோன் கோளாறு அத்தை," என்றேன். அறிவியல் டீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது? பகலெல்லாம் பவுடர் பால், காலையிலும் ராத்திரியிலும் மட்டும் கடமைக்குத் தாய்ப்பால் என்று ஆனது.

செப்டம்பரில் டின் தீர்ந்தது. சங்கராபுரம் கடைகளில் சரக்கு இல்லை. தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்குகிற நாள் அது.

"ரோட்டுல மரத்த வெட்டிப் போடறாங்களாம், இன்னிக்கு போவாத," என்றார் என் கணவர் அரங்கநாதன்.

"அதெல்லாம் விழுப்புரம் பக்கம். இங்க யாரு வெட்டப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு, விடியற்காலை அழுது களைத்துத் தூங்கிய குழந்தையை எழுப்பிப் பால் கொடுக்காமலேயே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். சரியான டின்னைப் பார்த்து வாங்க அவருக்குத் தெரியாது என்று காரணம் சொன்னேன். உண்மையில், கொஞ்ச நேரமாவது அழுகை கேட்காத இடத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது.

டின் கிடைத்தது. திரும்பும் பஸ் பாதி வழியில் நின்றது. எதிரே ஒரு புளியமரம் சாலையை அடைத்துக் கிடந்தது. டிரைவர் பின்னால் எடுக்கப் பார்ப்பதற்குள் அங்கேயும் ஒன்று சாய்ந்தது. கல்வராயன் மலைப் பக்கம் மழை இருட்டியிருந்தது. பஸ்ஸுக்குள்ளோ புழுக்கம்.

சுரப்பு கம்மி என்று நான் அறிவித்திருந்த மார்பு கல்லாக இறுக ஆரம்பித்தது. டின்னை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தேன். அழுகைக்குப் பயந்து ஓடிவந்தவள் அல்லவா, பக்கத்து சீட்டிலேயே ஒரு கைக்குழந்தை கத்தத் தொடங்கியது. அதை வைத்திருந்தவர் எங்கள் ஊர் ஜவுளிக்கடை வீட்டு மெஹ்ராஜ் பேகம். அவர் மகள் சபா மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் தெம்பில்லாமல் கிடக்க, பேரன் சுஐபை ஊருக்குத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார். பாட்டிலில் இருந்த பால் வெயிலில் திரிந்துவிட்டது.

"அக்கா, எங்கிட்ட பவுடர் இருக்குது," என்று டின்னை நீட்டினேன்.

"வெந்நிக்கு எங்கம்மா போறது?"

கண்டக்டர் நல்ல மனசோடு ஒரு சோடா பாட்டிலை எடுத்துக் காட்டினார்.

பிள்ளையின் குரல் ஏறியது. என் ரவிக்கை நனைந்து, புடவையும் நனைந்தது. மெஹ்ராஜ் பேகம் என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, பால் ஒழுவிக்கினு கீது, நீ டின்ன நீட்டற?"

பஸ்ஸே கேட்டிருக்கும். கூச்சத்தில் தலை குனிந்தபடி கையை நீட்டினேன். அவர் தன் துப்பட்டியால் எங்கள் இருவரையும் மூடினார்.

மார்பு வலியில் பிள்ளையைக் குறுக்கே போட முடியவில்லை. குடத்தை இடுக்குவதுபோல், கால் முதுகுப் பக்கம் போக, கையிடுக்கில் வைத்துக்கொண்டேன். பசியில் அவன் வாயை அகலத் திறந்து கறுப்பு வட்டத்தையும் சேர்த்துக் கவ்வினான். வலிக்காகக் கண்ணை இறுக மூடிக் காத்திருந்தேன். வரவில்லை. அவன் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்தான் வந்தது. ஹார்மோன் கோளாறு அன்றோடு குணமாயிற்று.

பிறகு மரத்தைத் தாண்டி ஊருக்கு நடந்தோம். வீட்டில் சந்தியா சர்க்கரைத் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளைக் கையிடுக்கில் வைத்தேன். முதலில் முரண்டு பிடித்தாள். அப்புறம் கவ்வினாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. புண் ஆறச் சில நாள் பிடித்தது. ஒரு முறை பால் கட்டிக் காய்ச்சலில் விழுந்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு பிரசவமே தேவலை என்று புலம்பினேன். பள்ளிக்குத் திரும்பியபின் பகலில் மறுபடி பவுடர்தான். வகுப்பில் யாராவது விழுந்து அழுதால் எனக்குப் பால் சுரந்துவிடும். மீதிப் பாடத்தை வருகைப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி நடத்துவேன். ஆனால் ராத்திரியில் அடுப்பு மூட்டி, பாட்டில் கழுவி ஆற்றுகிற வேலை இல்லை. படுத்தபடியே கொடுத்தேன். சந்தியா நடக்கத் தொடங்கிய பிறகும் குடித்தாள்.

சபா குணமாகி வந்ததும் மெஹ்ராஜ் பேகம் சுஐபைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "எங்க மார்க்கத்துல பால் குடுத்தா அம்மா முறைதான். உம் பொண்ணு இவனுக்குத் தங்கச்சி," என்றார்.

இன்று ஜவுளிக்கடை சுஐப் கையில். நான் படியேறினால், "அம்மா வந்துட்டாங்க, சேர் போடு," என்று குரல் கொடுப்பான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் என் நெற்றிப் பொட்டையும் அவன் தொப்பியையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அவன் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் அவசரமாகப் புடவை விலை கேட்டுவிடுவேன்.