வழியில் நிற்காத பஸ்

அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார், வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு. ஆள் ஏற்ற நிறுத்துவார், ஒதுங்கிவிட்டு வர நிறுத்த மாட்டார். பின்சீட்டில் வரும், கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் அண்ணன் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார். “வூட்லயே முடிச்சிக்கினு வரணும்பா. உனக்கோசரம் எல்லாருக்கும் கம்பெனி கேட்ல பஞ்ச் லேட் ஆவணுமா?” என்பார் அப்பா.

அவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்தது. வெளியே பரவவில்லை, ரோபோ வைத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எனக்குக் குஷி. நான் அதே கம்பெனியில் வெல்டிங் ரோபோக்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஆஸ்பத்திரி வரிசையிலேயே அப்பாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன்.

“உங்க லைன்ல போன மாசம் ஒண்ணு கையைத் திருப்பி, பாகத்தைப் புடிச்சிக்கினு இருக்கற ஜிக்கை இடிச்சிதுன்னியே. அதோட தம்பிதானே இது?” என்றார். வேண்டவே வேண்டாம் என்று எழுந்தும்விட்டார்.

முறை வந்து உள்ளே போனதும் டாக்டர்தான் அவரை உட்கார வைத்தார். “அது தானா எதுவும் செய்யாதுங்க. என் கை அசைஞ்சாதான் அசையும்.”

“அப்ப அது வண்டி. நீங்க டிரைவரு.”

“அப்படியே வெச்சிக்கலாம்.”

“எத்தினி வருஷமா ஓட்டறீங்க?”

டாக்டர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பிறகு சிரிக்காமல் மற்றதையும் சொன்னார். சிறுநீர் கொஞ்ச காலம் கசியும், பலருக்குச் சில மாதங்களில் அடங்கும், சிலருக்கு மிச்சம் இருக்கும். தாம்பத்தியத்திலும் சிரமம் வரலாம், நரம்பைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றார். நான் பக்கத்தில் இருந்ததால் அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது ஒன்றுதான். “பஸ் ஓட்டலாமா?”

“கசிவு அடங்கினதும் ஓட்டலாம்.”

ஆபரேஷன் முடிந்தபோது வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள்தான். மறுநாளே நடந்தார். கட்டி முழுசாக வந்துவிட்டதாக ரிப்போர்ட் வந்தது. நான் கேன்டீன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சிறுநீர் டியூபை எடுத்த பிறகுதான் உண்மை புரிந்தது. தும்மினால் நனைந்தது, நாற்காலியை விட்டு எழுந்தால் நனைந்தது. சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கும் பயிற்சிக்கு அவர் போனில் அலாரம் வைத்தேன்.

“இதுக்கும் ஷிப்ட் சங்கா?” என்றார். ஆனாலும் செய்தார். ஒருநாள் என்னைப் பார்க்காமலே, “உனக்கு பேடு வாங்கறப்ப எனக்கும் பெருசா வாங்கிக்கினு வாம்மா” என்றார்.

சில மாதம் கழித்து டாக்டர் சம்மதித்தார். முதல் நாள் நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பாதி வழியில் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் அப்பா முகம் மாறியது. பேடு இருந்தது, ஆனால் நிறைந்தால் சீட்டுக்கு வந்துவிடும். இண்டிகேட்டர் போட்டு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்.

“இன்னாண்ணே, டீசலா?” என்று பின்னாலிருந்து குரல்.

“இல்லப்பா. எனக்குத்தான். ஆபரேஷன் பண்ண உடம்பு.” கதவைத் திறந்தார். “வேற யாருனா போவணும்னா இறங்குங்க.”

பெயிண்ட் ஷாப் அண்ணன்தான் முதலில் எழுந்தார். “நான் ரிட்டயர்டு ஆவறதுக்குள்ள கேட்டியே, அது போதும்ணே” என்றபடி இறங்கினார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள்.

அன்று பஞ்ச் லேட். மறுநாளிலிருந்து அப்பா பத்து நிமிடம் முன்னதாகவே வண்டியை எடுக்கிறார். யாரும் முணுமுணுக்கவில்லை.

இப்போது பெரும்பாலும் காய்ந்தே இருக்கிறது, பலமாக இருமினால்தான் சங்கடம். பங்க்கில் அவர் இறங்காத நாட்களே அதிகம். அந்த நாட்களிலும் பஸ்ஸை ஓரம்கட்டிக் கதவைத் திறந்துவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி காத்திருக்கிறார்.