முதலில் வந்த பிழை எண்

திருநகரில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. சி மொழியில் எழுதும் புரோகிராமில் எது தோற்றாலும் முதலில், அதை ஒரு ஃபைலில் குறித்து வைக்க டீம் லீடர் எழுதிய பதிவு ஃபங்ஷனை அழைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காரணத்தைத் திரையில் காட்ட வேண்டும். குழந்தை பிறந்த பின் சேர்ந்த வேலை. என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று அந்த வாரம்தான் முடிவாக இருந்தது. சட்டத்தை அப்படியே பின்பற்றியிருந்தேன்.

மேலூர் கல்குவாரியின் எடைமேடையில் நான் நிறுவிய புரோகிராம் காலையிலேயே நின்றுவிட்டது. எடையைச் சேமிக்கும் ஃபைலைத் திறக்க முடியவில்லை. அப்படியொரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை என்றது திரை.

“ஃபோல்டர் போட மறந்துட்டு வந்துட்டீங்க,” என்றார் டீம் லீடர், எல்லோருக்கும் கேட்கும்படி. “புத்தி பூராம் வீட்டுல பிள்ளைகிட்ட. இங்க வாரது உடம்பு மட்டுந்தான்.”

போட்டேன் என்றுதான் நினைவு. அவர் சொல்லச் சொல்ல அந்த நினைவே ஆட்டம் கண்டது. மேலூர் ஆபரேட்டரை ஃபோனில் அழைத்தேன்.

“ஃபோல்டரு, ஃபைலு அம்புட்டும் இருக்குக்கா. லாரி டிரைவருக என்னைய அடிக்காத குறை. சீக்கிரம் பாருங்க.”

அதன் பிறகே பதிவு ஃபங்ஷனைப் படித்தேன். ஃபைலைத் திற என்பதுபோல புரோகிராம் கணினியிடம் கேட்கும் சிஸ்டம் கால் ஒன்று தோற்றால், காரணம் ஓர் எண்ணாக எர்னோ என்ற இடத்தில் இருக்கும். அடுத்து இன்னொன்று தோற்றால் அதன் எண் பழையதை அழித்துவிடும். பதிவு ஃபங்ஷன் தேடிய ஃபோல்டர் எங்கள் அலுவலகக் கணினிகளில் மட்டுமே இருந்தது; மேலூரில் அதுவும் தோற்றிருந்தது. மேலூர் திரை காட்டியது அந்தத் தோல்வியின் காரணத்தை. ஃபைலைத் திறக்கும் வரிக்கு அடுத்த வரியிலேயே எண்ணைத் தனியாக எடுத்து வைத்து, அதைக் காட்டும்படி மாற்றி அனுப்பினேன்.

“அனுமதி இல்லைன்னு வருதுக்கா,” என்றார் ஆபரேட்டர். அங்கே கணினி பார்ப்பவர் முந்தின நாள் ஃபைலைத் திறக்கும் உரிமையை மாற்றியிருக்கிறார். அதைச் சரிசெய்ததும் லாரிகள் நகர்ந்தன.

டீம் லீடர் என் திரையைப் பார்த்தார். “யாரைக் கேட்டு வரிசையை மாத்துனீங்க?”

“உங்க ஃபங்ஷன் எர்னோவை அழிக்குது சார்.”

“பாத்தீங்களாய்யா, எனக்கே கிளாஸ் எடுக்குறாங்க.” யாரோ சிரித்தார்கள். “ஃபோல்டர் விட்டுப்போச்சுன்னு உங்க பேரைப் போட்டு ரிப்போர்ட் எழுதுங்க. முடிஞ்சிரும்.”

எழுத உட்கார்ந்தேன். பணிந்து போனால் வேலை நிற்குமா? அல்லது அந்த ரிப்போர்ட்டையே காட்டி அனுப்பிவிடுவாரா? எப்படிப் பார்த்தாலும் ஃபோல்டர் இருந்தது. நடந்ததை நடந்தபடி, அவர் ஃபங்ஷனின் வரியோடு எழுதி, முதலாளிக்கும் சேர்த்து அனுப்பினேன்.

வேலை நிரந்தரமானது. மேலூர் வேலை என் கையை விட்டு வேறொருவருக்குப் போனது. இன்னும் கொஞ்சம் பணிவாக எழுதியிருக்கலாமோ என்று தோன்றாத நாளில்லை. அவர் இப்போது என்னிடம் நேராகப் பேசுவதில்லை. பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்து, “அந்தம்மாட்ட சொல்லிருங்க,” என்கிறார்.