கொடாமாவில் ஏறிய குணம் அண்ணன்

குணம் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் பனிக்காலக் காலணிக்குப் பணம் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் குறுஞ்செய்தி. அனுப்பியவர் அவருடைய பழைய நண்பர் பரமேஸ் அண்ணன். "குணம் காலமை தவறிட்டான். ஹார்ட்." அவ்வளவுதான். என் முறை வந்தது, பணம் கட்டினேன், வெளியே வந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் காலணிப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபம் யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய மகன் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தான். "அப்பாவைப் பற்றி ஏதும் கூசெலியா எழுதுங்கோ அங்கிள்" என்றான். கூசெலி என்றால் நோர்வேஜிய மொழியில் கதகதப்பாக, இதமாக என்று பொருள். எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எல்லாம் இதமாக இருக்கும். இது மலருக்கு எழுதியது அல்ல. அவரை அறிந்த உங்களுக்கு எழுதியது.

அறியாதவர்களுக்காக இரண்டு வரி. குணரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் நோர்வேயின் வடமுனையில் பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊருக்கு வேலைக்கு வந்தவர். பிறகு ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். மோர்டென்ஸ்ருட்டில் எனக்கு அடுத்த வீடு. நான் கணினி வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். நான் வந்த முதல் வாரம் என் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அன்றைக்கே என் வீட்டு அலமாரியின் பாகங்களைப் பொருத்திக் கொடுத்தார். என்னை எப்போதும் "நீர்" என்றுதான் அழைப்பார். எங்கள் ஊரில் யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. பிடிவாதக்காரர். எந்த விஷயத்தையும் மூன்று முறை விளக்காமல் விடமாட்டார். குறட்டை விடுவார், அதற்கு நானே சாட்சி.

இறுதிச் சடங்கில் தில்லையம்பலம் அண்ணன் பேசினார். பாட்ஸ்பியோர்டில் குணம் அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவர். இன்று இரண்டு கடைகளுக்கு உரிமையாளர். நன்றாகப் பேசுவார். "ஜப்பான் வரைக்கும் ஒண்டாப் போய் வந்தனாங்கள். நன்றி மறவாத மனிசன் எங்கடை குணம்" என்றார். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்தப் பயணத்தில் நானும் இருந்தேன். நாங்கள் ஒன்றாகப் போகவில்லை.

ஜப்பான் போகும் எண்ணம் குணம் அண்ணனுடையது. அதற்குக் காரணம் ஒகாவா என்ற ஜப்பானியர். வடக்குக் கடலில் லொட்டே என்று ஒரு சின்ன வெள்ளி மீன் உண்டு. சினை பிடித்த லொட்டேயை ஜப்பான்காரர்கள் விரும்பி வாங்குவார்கள். மீனின் தரம் பார்க்க அவர்களே ஓர் ஆளை அனுப்பிவைப்பார்கள். ஒகாவா அப்படிப் பருவந்தோறும் பாட்ஸ்பியோர்டுக்கு வந்தவர். ஒரு பருவத்தில் நிறையப் பெட்டிகள் கெட்டுப்போயின. மீன் தரம்பிரித்த தமிழர்கள்தான் காரணம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அங்கே ஒன்றாக வேலை பார்த்த குணம், தில்லை, பரமேஸ் மூவருக்கும் வேலை போகும் நிலை. வேலை போனால் நாட்டில் தங்கும் அனுமதியும் போகும். ஒகாவாதான் பெட்டிகளைத் தானே பிரித்துப் பார்த்து, தரம்பிரித்ததில் பிழையில்லை, உறையவைக்கும் இயந்திரம்தான் சரியாகக் குளிரவில்லை என்று நிரூபித்தார். அவருக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழி ஏழெட்டுச் சொற்கள். அவற்றை வைத்தே முதலாளியிடம் சொன்னாராம்: "ஃபொல்க் ப்ரா. மஷீன் இக்கெ ப்ரா." ஆட்கள் நல்லம், இயந்திரம் நல்லமில்லை. மூவரும் தப்பினார்கள். இன்று இவர்களுடைய வீடு, கடை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது. இதைக் குணம் அண்ணன் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஒகாவா ஓய்வுபெற்று ஊர் போன பிறகும் புத்தாண்டுக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்புவார். குணம் அண்ணனும் அனுப்புவார். ஓர் ஆண்டு வந்த அட்டையில் எழுத்து நடுங்கியிருந்தது. உடனே குணம் அண்ணன் முடிவெடுத்தார்: மூவரும் நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும். வேலை விஷயமாக நான் ஒருமுறை டோக்கியோ போயிருந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

பயண ஏற்பாட்டுக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தது. அண்ணி சுட்ட உளுந்து வடைகளைக் குணம் அண்ணன் மேசையில் வரிசையாக அடுக்கினார். ஒரு முனை டோக்கியோ, மறு முனை அன்றிரவு நாங்கள் தங்கப்போகும் ஒசாக்கா, நடுவில் புல்லட் ரயில் நிலையங்கள். "இது நொசோமி" என்று விரலைத் தூக்கி நகோயா வடையில் ஒரேயடியாக வைத்தார். அதுதான் மிக வேகமான ரயில், பெரிய ஊர்களில் மட்டும் நிற்கும். ஹிகாரி என்றபோது விரல் நடுவில் ஒன்றிரண்டு வடைகளைத் தொட்டது. கொடாமா எல்லா வடையையும் தொட்டது. வெளிநாட்டுப் பயணிகள் புறப்படுமுன்னரே வாங்கிக்கொள்ளும் ரயில் பாஸில் ஹிகாரியும் கொடாமாவும் போகலாம், நொசோமியில் ஏற முடியாது. ஒகாவா இருந்தது கக்கெகாவாவில். அங்கே கொடாமா மட்டும்தான் நிற்கும். பாதி வழி ஹிகாரியில் போய் மாறினால் நேரம் மிச்சமாகும் என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னேன். "எவ்வளவு வேகமெண்டு பாத்து ரயில் ஏறக்கூடாது தம்பி. எங்கை நிக்குதெண்டு பாத்து ஏற வேணும்" என்றார். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தில்லை அண்ணன் கையை நீட்டி ஒரு வடையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். பார்த்தால் அது கக்கெகாவா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். குணம் அண்ணனும் சிரித்துக்கொண்டே இன்னொரு வடையை எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

டோக்கியோ நிலையத்தில் அந்தச் சிரிப்பு தீர்ந்துபோனது. கொடாமா நிற்கும் மேடைக்கு ஏறும் படியருகே தில்லை அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். தான் நொசோமியில் நேராக ஒசாக்கா போவதாகச் சொன்னார். முதல் நாளே தனியாகப் போய்ப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறார், பரமேஸ் அண்ணனுக்கும் சேர்த்து. பையில் பாஸ் சும்மா கிடக்கிறது.

"ஒவ்வொரு ஸ்டேசனிலையும் நிக்கிற ரயிலிலை போகவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? அதுக்கு லில்லெஸ்ட்ரோமுக்கே போயிருக்கலாம்" என்று ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரைச் சொன்னார்.

குணம் அண்ணன் கத்தவில்லை. "அந்த மனிசன் ஸ்டேசனிலை வந்து நிப்பார், தில்லை" என்றார்.

"நீ போய்ச் சொல்லன், நாங்கள் சுகமா இருக்கிறமெண்டு."

பரமேஸ் அண்ணன் இவர் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் பெட்டியை எடுத்துக்கொண்டு தில்லை அண்ணன் பின்னால் போனார். பரமேஸ் அண்ணன் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான்.

கொடாமா ஒடவாரா நிலையத்தில் போய்ப் புறப்படாமல் நின்றது. பின்னால் வரும் வேக ரயிலுக்கு வழி விட அது ஒதுங்கி நிற்பது வழக்கம். நடுத்தண்டவாளத்தில் நொசோமி போனபோது எங்கள் பெட்டி ஒரு உலுக்கு உலுக்கியது. ஜன்னலில் வெள்ளையாக ஏதோ போனது, அவ்வளவுதான் தெரிந்தது. "இதுக்குள்ளைதான் இருப்பாங்கள்" என்றார் குணம் அண்ணன். அது அவர்கள் ரயில்தானா என்று எனக்குத் தெரியாது. நான் தில்லை அண்ணனைத் திட்ட ஆரம்பித்தேன். என்ன அவசரம், ஒரு மதியம் ஒதுக்க முடியாதா என்று கேட்டேன்.

"அவங்களுக்கு அவசரமில்லை தம்பி. வெக்கம்" என்றார். தில்லை அண்ணனின் பிள்ளைகளுக்குத் தகப்பன் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தது தெரியாதாம். படிக்க வந்தவர் என்று சொல்லி வளர்த்திருக்கிறார். ஒகாவாவோடு ஒரு படம் எடுத்தால்கூட வீட்டில் கேள்வி வரும். இதை அச்சில் எழுதுவதால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மீன் வெட்டிப் பிழைத்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை. வேறு எதற்காவது வெட்கப்பட்டிருக்கலாம்.

கக்கெகாவாவில் ஒகாவா கோட்டும் டையும் அணிந்து மேடையில் நின்றார். மிகச் சிறிய மனிதர். பக்கத்தில் மனைவி, கையில் மூன்று பெயர்கள் பெரிதாக எழுதிய அட்டை. குணம் அண்ணனைக் கண்டதும் குனிந்து வணங்கி, "தக் ஃபோர் சிஸ்ட்" என்றார். நோர்வேக்காரர்கள் மறுபடி சந்திக்கும்போது சொல்வது: போன முறைக்கு நன்றி. நன்றி சொல்லப் போனவரிடம் அவர் முந்திக்கொண்டார். பிறகு எங்கள் தோளுக்கு மேலாக ரயிலின் கதவைப் பார்த்தார். கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இரண்டு பேருக்கும் சுகமில்லை" என்று குணம் அண்ணன் நோர்வேஜிய மொழியில் சொன்னார். வாழ்க்கையில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். இதற்காக அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அவர்களைக் காப்பாற்ற இவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஒகாவாவின் மனைவி பதறிப்போய்க் காய்ச்சலா என்று சைகையில் கேட்டார்.

வீட்டில் ஆறு பேருக்குத் தட்டு வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடியும்வரை வராத இருவரின் தட்டுகளையும் எடுக்கவில்லை. நடுவில் சினையோடு வாட்டிய லொட்டே. பாட்ஸ்பியோர்டை விட்ட பிறகு அந்த மீனின் வாடையே ஆகாது என்று ஒதுக்கியிருந்த குணம் அண்ணன், அன்று முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றார். எழுந்து நின்று கைகூப்பினார். "ஆட்கள் நல்லம் என்று நீங்கள் சொன்னீர்கள். நாங்கள் இன்னும் இருக்கிறோம்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். ஒகாவாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டே அழுதார்.

கிளம்பும்போது ஒகாவா அந்த ஊர்த் தேயிலைப் பொட்டலங்கள் மூன்று கொடுத்தார். துணியில் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை ரோமன் எழுத்தில் எழுதியிருந்தார். அன்று மாலை ஒசாக்கா விடுதியில் அவரவர் பொட்டலத்தைக் குணம் அண்ணன் அவரவரிடம் கொடுத்தார். பரமேஸ் அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தில்லை அண்ணன் வாங்கி மேசையில் போட்டுவிட்டு, நொசோமி எவ்வளவு சொகுசு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அறையைக் காலி செய்யும்போது தில்லை அண்ணன் முன்னே கீழே இறங்கிவிட்டார். அவர் எதையும் விட்டுவிட்டாரா என்று பார்க்க நாங்கள் இருவரும் உள்ளே போனோம். பொட்டலம் குப்பைக்கூடையில் கிடந்தது. குணம் அண்ணன் குனிந்து எடுத்தார். மேலே ஒட்டியிருந்த பழத்தோலைத் தட்டிவிட்டு, சட்டையில் துடைத்து, தன் பைக்குள் வைத்தார். "நீர் இதைக் காணேல்லை" என்றார் என்னிடம்.

ஒஸ்லோ வந்த பிறகு ஒருநாள் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "என்ரை வீட்டிலை இருந்தால் மனிசி கேப்பா. கதை வெளியிலை போயிரும். நீர் வைச்சிரும். அவனா ஒருநாள் கேப்பான். கேட்டால் குடும்."

அடுத்த புத்தாண்டுக்கு வந்த அட்டை ஒகாவாவின் மனைவி எழுதியது. ஒகாவா இறந்துவிட்டார். குணம் அண்ணன் தில்லை அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னார். "ஓ, அந்த மீன்காரரோ" என்று பதில் வந்ததாம். இதை டி-பானா என்ற சுரங்க ரயிலில் வேலைக்குப் போகும்போது என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகும் தில்லை அண்ணன் வீட்டு விசேஷங்களுக்கு முதல் ஆளாகப் போய் நாற்காலி அடுக்கினார். என்னால் அப்படி இருக்க முடியாது. அவர் யார் மேலும் கோபத்தை வைத்துக்கொண்டதில்லை. அதனால் அதையும் நானே வைத்திருக்கிறேன், தேயிலையோடு சேர்த்து.

பொட்டலம் என் சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. பிரிக்கவில்லை. மணம் போயிருக்கும். பெயர் மட்டும் அழியாமல் இருக்கிறது.

தில்லை அண்ணே, மேடையில் நீங்கள் பேசியதை எல்லோரும் கேட்டோம். குணம் அண்ணன் உங்களிடம் எதிர்பார்த்தது பேச்சை அல்ல. நீங்களாக ஒருநாள் அதைக் கேட்பீர்கள் என்று கடைசிவரை நம்பினார். என் வீடு உங்களுக்குத் தெரியும், அவர் வீட்டுக்கு அடுத்தது. வந்து கேளுங்கள். கேட்டால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.