சேதுவின் சர்வருக்கு வராத யானைச் செய்தி

ஓசூருக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காதது டீக்கடைப் பேச்சுதான். நான் தமிழில் கேட்பேன். மாஸ்டர் தெலுங்கில் பதில் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் அதற்குக் கன்னடத்தில் கிண்டலடிப்பார். நம் ராமநாதபுரம் பக்கம் வேற்று மொழி காதில் விழுந்தால் கடையே திரும்பிப் பார்க்கும். இங்கே யாரும் திரும்புவதில்லை. முறைப்பதெல்லாம் போனில்தான்.

மூக்கண்டப்பள்ளியில் அறையெடுத்திருக்கும் சேது நம் ஊர்க்காரன். தென்மாவட்டத் தொழிலாளர்களுக்கென்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சர்வராக்கித் தனி வலைத்தளம் தொடங்கினான். இதற்குப் பெரிய நிறுவனம் எதுவும் முதலாளி இல்லை, இப்படிப்பட்ட சிறு தளங்கள் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும், இனி எதிர்காலமே இதுதான் என்றான். எல்லைக்கு அப்பால் கன்னட விவசாயிகள் நடத்தும் தளமும் எங்களோடு இணைந்திருந்தது. மழைக்காலம் முடிந்ததும் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் இறங்கும். எங்கே நிற்கின்றன என்று அவர்கள் எழுதுவது எங்களுக்கும் வரும். வாடகைக்குப் பயந்து சானமாவுக் காட்டுக்கு அப்பால் குடியிருக்கும் எனக்கு அதுதான் முக்கியம். என் மனைவி செல்வி விடியற்காலை ஷிப்டுக்கு அந்தக் காட்டுச் சாலையில்தான் ஸ்கூட்டரில் போகிறாள்.

கார்த்திகையில், ராகி அறுப்பு நேரத்தில், சில நாட்களாக ஒரு செய்தியும் இல்லை. ஒரு வியாழக்கிழமை, பனிமூட்டத்தில், பக்கத்து நிலத்து விவசாயி கெம்பண்ணா சாலை நடுவே கைகளை விரித்து செல்வியை மறித்தார். பதற்றத்தில் அவருக்குக் கன்னடமே வந்தது: "ஹோகபேடம்மா!" போகாதேம்மா என்று அவர் கத்தியது புரியாமல், வம்பிழுக்கிறார் என்று நினைத்து இவள் ஹாரனை அழுத்தினாள். அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். திட்ட வாயெடுத்தவளுக்கு அப்போதுதான் முன்னால் கிளை முறியும் சத்தம் கேட்டது.

"நேத்தே எங்காளுங்க போட்டுட்டாங்களே, உங்க போனுக்கு வர்லியா?" என்றார், திரும்பும் வழியில்.

அன்று மாலையே சேதுவிடம் போனேன்.

"தண்ணிப் பிரச்சினையில அவய்ங்க நம்மளத் திட்டி எழுதுனாய்ங்கண்ணே. ஓட்டெடுத்து இணைப்ப வெட்டிட்டோம்."

"என்னையக் கேக்கலையேடா?"

"நீங்க ஷிப்டுல இருந்தீக."

"யானையுமாடா திட்டுச்சு?"

அவன் சிரிக்கவில்லை. "நம்ம தளம், நம்ம இஷ்டம்ணே."

முதலாளி இல்லாத தளம் என்ற பேச்சை நான் இப்போது நம்புவதில்லை. முன்பு தாழ்ப்பாள் பெரிய நிறுவனத்தில் முகம் தெரியாத ஒருவர் கையில் இருந்தது. இப்போது ஊர்க்காரன் கையில் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று ஒரு தளம் கட்டிக்கொள்ளும் காலத்தில், இந்தத் தாழ்ப்பாள்கள்தான் பெருகும் என்று சந்தேகிக்கிறேன்.

கெம்பண்ணா பொறுப்பேற்று என்னைக் கன்னடத் தளத்தில் சேர்த்துவிட்டார். தமிழனுக்கு இங்கென்ன வேலை என்று அங்கே ஒருவர் கேட்டார். "அங்கிட்டும் போயிட்டீகளாண்ணே?" என்று இங்கே சேது எழுதினான்.

வாசலில் செல்வி ஹெல்மெட்டோடு நிற்கிறாள். எங்கள் தளத்தில் யாரோ, "பாதை பத்திரமாக இருக்கிறது" என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டு, பாதி மட்டுமே புரியும் கன்னடத் தளச் செய்தியை எழுத்துக்கூட்டி முடித்த பிறகுதான், "கெளம்பு" என்கிறேன்.