பட்டை மோதிரம்

மோதிரத்தை எடுத்துக் கொடுத்தது மாமா. அப்போது அவர் எனக்கு மாமா ஆகியிருக்கவில்லை. நான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் அப்பா, அவ்வளவுதான். செகந்திராபாத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவருடைய அப்பா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் ஊன்றிவிட்ட குடும்பம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அவருக்கு ஒரே பெண். மாப்பிள்ளைக்குச் செய்வது எதுவானாலும் கனமாக இருக்க வேண்டும் என்று ஆசை.

டிசம்பர் மாதம், குளிரான ஒரு காலையில் அவரும் அவளும் நானும் ஜெனரல் பஜாரில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். எனக்குப் பிடித்தது மெல்லிசாக, உருண்டையாக இருந்த ஒரு மோதிரம். மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"இது என்ன மாப்ள, சாவி வளையமாட்டம் இருக்கு."

அவர் எடுத்தது ஒரு பட்டை மோதிரம். அகலம், தடிமன் இரண்டும் உண்டு. இரண்டு ஓரமும் ரம்பத்தால் அறுத்ததுபோல நேராக இருக்கும். உள்பக்கமும் சம தட்டை. மேஜைமேல் வைத்தால் டொக்கென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது.

கல்லூரியில் வாலிபால் ஆடியதில் என் வலது மோதிர விரலின் முட்டி வீங்கி அப்படியே தங்கிப்போனது. முட்டியைத் தாண்டும் அளவுக்கு எடுத்தால் அடியில் மோதிரம் சுழன்றது. அடிக்குச் சரியாக எடுத்தால் முட்டி வழிவிடவில்லை. கடைக்காரர் இந்தத் தொல்லையை நிறையப் பார்த்தவர். பட்டை மோதிரம் எப்போதும் சதையை அதிகம் பிடிக்கும், அதனால் ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள், சுழலாமலிருக்க உள்ளே அடிப்பக்கம் இரண்டு தங்கக் குருணை பற்றவைத்துத் தருகிறேன் என்றார். அப்படியே செய்தும் கொடுத்தார். போடும்போது கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. போட்ட பிறகு அசையவில்லை.

"இனிமே தானா கழண்டுக்காது" என்று மாமா திருப்தியாகச் சொன்னார்.

தை மாதம் நிச்சயம் நடந்தது. கல்யாணம் வைகாசியில். வெயில் ஏற ஏறத்தான் தெரிந்தது, குளிரில் அளவெடுத்த விரல் வேறு, ஏப்ரல் மாத விரல் வேறு என்று. சாயங்காலமானால் விரல் தடித்துவிடும். மோதிரத்தின் ஓரம் பக்கத்து இரண்டு விரல்களையும் உரசிப் புண்ணாக்கியது. நாள் முழுக்கக் கீபோர்டில் தட்டுகிற வேலை. அடியில் காற்றுப் படாமல் தோல் வெளுத்து ஊறிப்போய் அரித்தது. ஒருநாள் சோப்பு போட்டு இழுத்துக் கழற்றி ஆபீஸ் டிராயரில் வைத்துவிட்டுப் போனேன். அவள் பார்த்ததும் கேட்டாள்.

"மோதிரம் எங்க?"

"கடிக்குது. கழட்டி வெச்சிருக்கேன்."

"அப்பா கண்ல பட்டுச்சுன்னா ரொம்ப வருத்தப்படுவாரு. நக்கோ, கழட்ட வேணாம், போட்டுக்குங்க."

இருவருமாகக் கடைக்குப் போய்க் கேட்டோம். உள்பக்கத்தைத் தட்டையாக விடாமல் குமிழாக இழைத்து ஓரங்களை மழுக்கினால் சதையில் பதமாக உட்காரும், கடிக்காது என்றார் கடைக்காரர். ஆனால் கல்யாண சீசன், பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது, உடனே முடியாது. அதுவரை வெறும் விரலோடு மாமா முன்னால் போக முடியாது. கல்யாணம் முடிந்ததும் கொடுக்கலாம் என்று திரும்பி வந்தோம். நான் மறுபடி போட்டுக்கொண்டேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதாப்பூரில் நாங்கள் குடியிருக்கப் போகிற ஃப்ளாட்டுக்கு மாமா கட்டிலும் ஸ்டீல் பீரோவும் அனுப்பினார். ஒரு டிராலி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பீரோ சாயாமல் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன். அபார்ட்மென்ட் வாசலில் வண்டி நின்றது. வண்டியின் பக்கப் பலகையில் கயிறு கட்டுவதற்கு இரும்புக் கொக்கிகள் இருந்தன. பலகையை வலது கையால் பிடித்துக்கொண்டு கீழே குதித்தேன்.

உடம்பு தரைக்கு வந்துவிட்டது. கை ஒரு கணம் மேலேயே நின்றது.

வலி வரவில்லை. ஏதோ இழுத்தது, விட்டது, அவ்வளவுதான். முன்னாலிருந்து இறங்கி வந்த மாமா என் கையைப் பார்க்கவில்லை. கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். மோதிரம் அங்கே மாட்டியிருந்தது. வெறும் மோதிரம் மட்டும் இல்லை. அதன் பிறகுதான் என் சட்டையெல்லாம் ரத்தம் என்று தெரிந்தது.

மாமா கர்ச்சீப்பை விரித்து, கொக்கியிலிருந்து எடுத்துச் சுற்றினார். டிரைவர்தான் தெலுங்கில் கத்தி எங்களை உள்ளே ஏற்றினான். சாமானை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. கட்டிலையும் பீரோவையும் சுமந்துகொண்டே அந்த வண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது.

டாக்டர்கள் ஒட்டவைத்துப் பார்த்தார்கள். கத்தியால் வெட்டுப்பட்டிருந்தால் தேவலை, இது இழுத்துப் பிய்த்தது, ரத்தக்குழாய் எல்லாம் உள்ளேயே நைந்துவிட்டது என்றார்கள். விரல் கறுத்துப்போனது. கடைசியில் அடியோடு எடுத்துவிட்டார்கள். கட்டு மாற்ற வந்த பெரிய டாக்டர், பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த மோதிரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மெல்லிசா இருந்திருந்தா இதுவே வளைஞ்சு அறுந்திருக்கும். விரல் தப்பிச்சிருக்கும். இவ்ளோ தடிமன், உள்ள வேற சுழலாம முட்டுக்கொடுத்து வெச்சிருக்காங்க. யார் வாங்கினது?"

"நான்தான் சார்" என்றார் மாமா. ஸ்கூல் பையன் எழுந்து நிற்பதுபோல நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொன்னார்.

அம்மா ஊரிலிருந்து வந்தாள். வந்ததிலிருந்து ஒரே பேச்சு.

"ஏல, நிச்சயத்துக்குப் போட்ட மோதிரம் விரலையே கொண்டுட்டுப் போயிட்டு. இன்னும் எதக் கொண்டுபோவணும்னு காத்துக் கெடக்க? இத்தோட விட்ருவோம்."

அப்போது கஞ்சி ஃபிளாஸ்க்கோடு மாமாவின் பெண் அறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்து ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"அத்தை, மோதிரத்தத் திட்டுங்க. ஹவ், ஆமா, அது தப்பான மோதிரம்தான். என்னை வேணாம்னா அத அவரு வாயால சொல்லட்டும்."

"வேணும்" என்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுநாளே ஊருக்குப் போய்விட்டாள்.

கல்யாணம் தள்ளிப்போனது. காயம் ஆறி நான் ஆபீசுக்குத் திரும்பினேன். 'ஓ'வும் 'எல்'லும் தட்டுவதற்கு அந்த விரல்தான் போகும். இல்லாத விரலைத் தூக்கி எழுத்து விழாமல் திகைத்து உட்கார்ந்திருப்பேன். சாப்பாடு அதைவிட மோசம். ரசம் சாதத்தைப் பிசைந்து எடுத்தால் இடைவெளி வழியாக ஒழுகி முழங்கைக்கு வந்துவிடும்.

ஒருநாள் மாமா வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எதிரில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் வழிந்ததைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டேன். என் தட்டைப் பார்க்கக் கூடாது என்று அவர் பாடுபடுவது தெரிந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவிவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு பந்தியில் உட்காரவே இல்லை. எங்கள் கல்யாணத்தில்கூட எல்லாரும் சாப்பிட்ட பிறகு தனியாகச் சாப்பிட்டார். தாலி முடிச்சுப் போடும்போது கயிறு இரண்டு தடவை என் கையிலிருந்து நழுவியது. அவர் மேளக்காரர்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மோதிரத்தை அவர்தான் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துப் போயிருந்தார். கோயில் உண்டியலில் போட்டுவிடச் சொல்லி அம்மா ஃபோனில் சொன்னாள். அவர் யாரிடமும் சொல்லாமல் ரயில்வே பாஸ் எடுத்துக்கொண்டு தனியாக ராஜமுந்திரிக்குப் போயிருக்கிறார். ரயில் கோதாவரிப் பாலத்தில் போகும்போது எல்லாரும் ஜன்னல் வழியாகச் சில்லறையை வீசுவார்கள். அவர் மோதிரத்தை வீசிவிட்டார். கல்யாணமாகி வெகு நாள் கழித்து இதை என் மனைவி சொன்னபோது, "அவ்வளவு தங்கத்தையா?" என்றுதான் முதலில் கேட்டேன். அப்போதுதான் அவள் விரலைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவளுக்குப் போட்டிருந்த மோதிரத்தையும் அவள் எப்போதோ கழற்றியிருந்தாள்.

மகள் பிறந்த பிறகுதான் மாமா முதல்முறையாக எங்கள் ஃப்ளாட்டுக்குள் வந்தார். டிசம்பர் மாதம். குழந்தையை மடியில் வைத்திருந்தவர், அவளைத் தன் பெண்ணிடம் கொடுத்துவிட்டு என் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். விரல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"குளிர்ல வலிக்குதா மாப்ள?"

வலிக்கும். விரலே இல்லாத இடத்தில் இறுக்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"இல்ல மாமா."

நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. என் கையை மெல்ல விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.