செவலைக்கு ஜோடி

என் தாய்மாமன் காளை அணைவதில் பேர் போனவர். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் இறங்காத வாடிவாசல் கிடையாது. அந்தப் பெருமையில் பாதி என்னுடையது என்று, பாவாடை கட்டிய வயதிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள் நான்.

யுத்த காலத்தில் ஒரு பொங்கலுக்குப் பிறகு மாமாவுக்கு ஒரு பக்கத்து விரை வீங்கியது. வலி இல்லை, கல்லாய்க் கனத்தது. மாடு உதைத்த வீக்கம் என்று முடிவுகட்டி, ஆமணக்கு இலையை வதக்கிக் கட்டினார்கள். வீரத்தில் வந்ததாயிற்றே, மாமா மீசையை முறுக்கிக்கொண்டார். வீக்கம்தான் வற்றவில்லை. அத்தை அவரை உத்தமபாளையத்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். புற்றுக்கட்டி, மதுரைக்குப் போய் விரையோடு எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் அவர்.

மாமா மறுத்துவிட்டார். காயடித்த மாடு என்று ஊர் சிரிக்குமாம். சுவரைப் பார்த்துப் படுத்தவரிடம் அத்தை சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் கேட்டது.

"சீறுற காளை எனக்கு எதுக்கு? பொழுது சாஞ்சா வீடு வந்து சேர்ற உழவு மாடு போதும். கெளம்புங்க."

பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ்ஸில் மதுரைக்குப் போனார்கள். மாமா மெலிந்து, உயிரோடு திரும்பினார்.

எங்கள் வீட்டுச் செவலையும் காயடித்த மாடுதான். உழவில் அதை மிஞ்ச ஊரில் மாடில்லை. அதை இரவல் கேட்டு வருகிறவர்கள் வாசலில் தயங்கித் தயங்கி நிற்பார்கள். ஆகவே மாமாவுக்குப் பெரிய பதவி கிடைத்துவிட்டதென்று நான் புரிந்துகொண்டேன்.

அடுத்த பொங்கலில் மாமா வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நின்றார். எதிர்வீட்டுக்காரர், "என்னப்பா, இறங்கலையா?" என்று சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க மாமாவுக்குக் காயடிச்சிட்டாக! இனி அவுகதான் செவலைக்கு ஜோடி!" என்று கத்தினேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளக் குனிந்தாள். அதற்குள் மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளை சொல்றது நெசந்தான். கட்டி வந்துச்சு, ஒரு பக்கத்தை எடுத்துட்டாக. யாருக்காச்சும் வீக்கம் இருந்தா மூடி வைக்காதீக."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தூசி விழுந்ததென்று நினைத்தேன்.

அதன் பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக மாமாவைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவர் எதிர்வீட்டுக்காரர். வாசலில் தயங்கி நின்று, தாழ்ந்த குரலில் பேசி, மாமாவை மதுரைக்குத் துணைக்கு அழைத்துப் போனார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மதுரைப் பக்கம் உழவுக்கு மாமாவை இரவல் கேட்கிறார்கள் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன்.