ஒன்பதாம் நாளில் நிறுத்திய ஆட்டம்

சூரியபிரகாஷுக்கு முப்பத்துமூன்று வயது. சமயநல்லூர்க்காரன். ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்டாக இருக்கிறான். அதே கல்லூரியில் இயற்பியல் லேப் என் பொறுப்பு. ஐந்து வருடமாக மதியச் சாப்பாடு இருவரும் சேர்ந்துதான். ஆகவே அவனைப் பற்றி நான் சொல்வதில் பாதி நானே பார்த்தது, மீதி அவன் வாயால் சொன்னது.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறரை வரை வீடியோ கேம் ஆடுவான். அதன்பிறகு குளித்து, இரண்டு பஸ் மாறி வந்து லேப்பைத் திறப்பான். அவனிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப். பெரிய கம்பெனிகளின் ஆட்டங்கள் அதில் ஓடாது. ஒருவரோ இருவரோ வீட்டில் உட்கார்ந்து உருவாக்குகிற சின்ன ஆட்டங்கள்தான் ஓடும். வேறு வழியில்லாமல்தான் அந்தப் பக்கம் போனான். போன பிறகு, புது லேப்டாப் கிடைத்தாலும் திரும்பி வர மனசில்லை என்றான்.

சின்ன ஆட்டங்களுக்கு அடுத்தபடியாக அவனுக்குப் பிடித்தது, கதையில் ஒரு ஆளாகவே மாறி, அந்த ஆளுக்காக முடிவெடுத்து நடத்திப்போகிற ரோல் பிளேயிங் ஆட்டங்கள். அவற்றைப் பற்றி அவனுக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. நல்லது செய்தால் பத்துப் புள்ளி கூட்டி, கெட்டது செய்தால் பத்தைக் கழிக்கிற ஆட்டம் அவனுக்கு ஆகாது. புள்ளி கிடைக்கும் என்று தெரிந்து தண்ணீர் கொடுக்கிறவன் நல்லவனா என்று கேட்பான். எல்லோரும் கொண்டாடிய ஒரு ஆட்டத்தில், ஊரே எரிந்து சாம்பலான பிறகும் மளிகைக்கடைக்காரர் பழைய வணக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவன் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அவன் மெச்சிய ஆட்டங்களும் உண்டு. ஒன்றில் பனி மூடிய ஏரியில் படகோட்டியாக இருக்க வேண்டும். ஏறுகிறவர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஒன்றும் கேட்காமலும் துடுப்புப் போடலாம். கேட்காமல் இருந்தால் சிலர் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள். இன்னொன்று அறுபது மணிநேர ஆட்டம். நடுவில் ஒரு பாலத்தில் கூட வந்த மூவரில் ஒருவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். இவன் சமையல் செய்கிறவரை விட்டுவிட்டான். அதற்குப் பிறகு கூடாரத்தில் தினமும் காய்ந்த ரொட்டிதான். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்படிப் பேசாமல் விட்டதுதான் அந்த ஆட்டத்தின் பெரிய வேலை என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு ஆளை விட்டுப் பார்க்கலாமே என்றேன். அது தப்பு என்றான்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழில் பேசி யூடியூப்பில் போடுவான். முகம் காட்டமாட்டான், குரல் மட்டும்தான். பதினோராயிரம் பேர் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தொடங்கும்போது, முடிக்காத ஆட்டத்தைப் பற்றி நான் பேசமாட்டேன் என்று ஒரு வரி சொல்வான். அந்த வரியை நம்பித்தான் பலர் அவன் பேச்சைக் கேட்டார்கள்.

போன வருடம் ஆவணி மாதம் மதுரையிலிருந்தே ஒரு ஆட்டம் வந்தது. பெயர் ‘கூட இருக்கிறவங்க’. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் கணவனுக்குத் துணையாகத் தங்கும் ஒரு பெண்ணாக நாம் ஆட வேண்டும். மொத்தம் நாற்பத்துமூன்று நாள். பிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்க வேண்டும், மருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், நீளமான வராந்தாவில் நடந்து திரும்பிவந்து கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வேண்டும். அவரிடம் பேச ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் அந்தப் பெண் பேசுவாள். அவர் பேசமாட்டார் என்றுதான் சூரியபிரகாஷ் சொன்னான்.

நம்ம ஊர் ஆட்டம் என்பதால் நிறையப் பேர் அவன் கருத்தைக் கேட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பேசினான். நானும் கேட்டேன்.

“முழுசா முடிச்சிட்டேங்க. நாப்பத்துமூணு நாளும் ஒரே நாள்தான். அந்தாளு கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. செஞ்சவங்களுக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் நம்மள நடக்க விட்டுட்டாங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் பேசியதிலேயே அதிகம் பேர் கேட்டது அதுதான். ஒரு வாரத்தில், ஆட்டத்தை வாங்காதவர்கள்கூட அது விற்கிற இணையப் பக்கத்தில் போய் ‘நடக்க விட்டுட்டாங்க’ என்று எழுதிவைத்தார்கள். அவன் பேசிய பன்னிரண்டாம் நாள் அந்தப் பக்கமே இல்லை. உருவாக்கியவர் ஆட்டத்தை எடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் சாப்பிடும்போது சூரியபிரகாஷ் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தான். யாரோ ஒருவர் அவன் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தாராம். இருபத்தோராம் நாள் அவர் பேசுவாரே, நீங்கள் ஆடியது எந்த ஆட்டம் என்று கேட்டிருந்தாராம். அதைப் பார்த்ததும் இவன் செய்த முதல் காரியம், அந்தக் கேள்வியை அழித்தது.

“நான் முடிக்கலண்ணே,” என்றான். “ஒம்பதாம் நாளோட நிறுத்திட்டேன்.”

போரடித்ததா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான்.

ஒன்பதாம் நாள் மாலை அந்தப் பெண் ஆஸ்பத்திரி வாசலுக்கு இறங்கி வருகிறாள். டிபன் கேரியரோடு ஒரு ஆள் நிற்கிறான், நெருங்கிய உறவு. எப்படி இருக்காரு என்று கேட்கிறான். பரவாயில்லை என்கிறாள். கேரியரைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று திரும்பி நடக்கிறான். மாடி ஏறவில்லை. அந்த இடத்தில் இவன் லேப்டாப்பை மூடிவிட்டான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் அப்பா பேயாண்டிக்குப் பக்கவாதம் வந்தது. வயலில் மோட்டார் போடப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார். பேச்சு திரும்பவே இல்லை. அத்தனை நாளும் கூட இருந்தது அவனுடைய அக்கா ரோகிணி. இவன் கல்லூரி வேலை முடிந்து, வீட்டுக்குப் போய், அம்மா சமைத்ததை வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவான். அக்கா இறங்கி வந்து வாங்கிக்கொள்வாள். ஆறு நாற்பது பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுவான். இருபத்தாறு நாளில் மாடி ஏறியது இரண்டே தடவை. உள்ளே போக ஒரு ஆளுக்குத்தான் பாஸ் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். உண்மையில் அந்த வாய் கோணிய முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

நான் அவனைத் திட்டவில்லை. முதலில் அதை முடித்துப் பார் என்று மட்டும் சொன்னேன். கடையிலிருந்து எடுத்துவிட்டாலும் அவன் லேப்டாப்பில் அது இருந்தது.

காந்தி ஜெயந்தி விடுமுறையில் காலையில் உட்கார்ந்து முடித்தான். இருபத்தோராம் நாள் பட்டனை அழுத்தியதும் அந்தப் பெண் வழக்கம்போல ஏதோ சொல்கிறாள். பிறகு அவர், “ஜன்னல் அடிக்குது, சாத்து” என்கிறார். சௌராஷ்டிர மொழியில்தான் சொல்கிறார், தமிழ் அர்த்தம் திரையில் கீழே வருகிறது. அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் பேசுகிறார். அவசரப்பட்டு அடுத்த வேலைக்கு நகர்ந்தால் அன்றைய வாக்கியம் போய்விடும். நாற்பத்துமூன்றாம் நாள் கட்டிலில் புது விரிப்பு இருக்கிறது. அந்தப் பெண் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அதே வராந்தாவில் நடந்து போய், கவுன்டரில் பாஸைத் திருப்பிக் கொடுக்கிறாள்.

அடுத்த ஞாயிறு அக்காவை வீட்டுக்கு வரச்சொன்னான். ரோகிணிக்கு அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி வீடு. வீடியோ கேம் எதையும் அவள் தொட்டதில்லை. எந்தப் பட்டனை அழுத்தினால் நடக்கும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அவன் பின்னால் நின்றுகொண்டான். பத்து மணிக்கு உட்கார்ந்தவள் இரண்டரை வரை எழவில்லை. வெந்நீர் வரிசையில் நிற்கும்போது, இம்புட்டுக் கூட்டம் சாயங்காலந்தான் இருக்கும், காலையில இருக்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். டிபன் கேரியரோடு அந்த ஆள் வாசலுக்கு வந்தபோது, “இவன் மேல வரமாட்டான்” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

முடிந்த பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“ஆறு மணி ஆச்சுன்னா அப்பா கதவையே பாப்பாரு. தம்பி கீழ வந்துட்டுப் போயிட்டான்னு சொல்லுவேன். கண்ண மூடிக்குவாரு.”

“ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா மட்டும் வந்திருப்பியா?”

கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள் என்றான் என்னிடம். தெரியலக்கா என்றுதான் அவனும் பதில் சொல்லியிருக்கிறான். பிறகு அக்காவும் தம்பியும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அப்பாவின் அந்த இருபத்தாறு நாளைப் பற்றி அன்றுதான் அவள் முதல்முதலாக முழுவதும் சொன்னாள். எந்த நர்ஸ் நல்ல மாதிரி, எந்த நாள் இடது கை விரல் அசைந்தது, கடைசி நாள் காலையில் என்ன நடந்தது, எல்லாம் சொன்னாள். பொழுது சாயும்வரை கேட்டிருக்கிறான்.

மறுநாள் ஒரு வீடியோ போட்டான். நான்கு நிமிடம்தான். முடித்ததாகச் சொன்னது பொய், அவர் பேசவில்லை என்று சொன்னதும் பொய், கேள்வி கேட்டவரின் வரிகளை அழித்ததும் நான்தான் என்றான். காரணம் சொல்லவில்லை. அப்பாவை இழுத்து அனுதாபம் வாங்கக்கூடாது என்று நினைத்தான். நிறையப் பேர் வைதார்கள். பதினோராயிரம் ஏழாயிரமாகக் குறைந்தது.

ஆட்டத்தை உருவாக்கியவருக்கு மூன்று மெயில் எழுதினான். மூன்றாவதற்குப் பதில் வந்தது. பழங்காநத்தத்தில் ஒரு விலாசம், சனிக்கிழமை பதினோரு மணி, அவ்வளவுதான் இருந்தது. தனியாகப் போகத் தயங்கினான். நானும் கூடப் போனேன்.

அவர் பெயர் தேவிகா. நாற்பது வயது இருக்கும். சேலைக் கரைக்கான டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுக்கிற வேலை. ஆட்டத்தின் படங்களையும் அப்படித்தான் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார். மற்றதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். கணவர் சந்தானம் இறந்த பிறகு இரண்டு வருடம் வேலை முடிந்து மிச்சமிருந்த நேரத்தில் செய்தது.

சூரியபிரகாஷ் மன்னிப்புக் கேட்டான். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நல்லா இல்லன்னு நீங்க சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல சார். நாலு பேரு பாக்கத்தான் வெளியில விட்டேன். அவரு பேசவே இல்லன்னு சொன்னீங்க பாருங்க. அவரு பேசினாரு. இருபத்திரெண்டு நாள் பேசினாரு. எனக்கு மிச்சம் இருக்கிறது அதுதான்.”

இவன் குனிந்துகொண்டான். ஆட்டத்தைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டான். இப்போது வேண்டாம் என்றார். எழுந்துவிடலாம் என்று நான் நினைத்தபோது அவரே கேட்டார்.

“இப்ப முடிச்சிட்டீங்கல்ல. எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லுங்க.”

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். இவன் சொல்லவில்லை. வராந்தா நடை ரொம்ப மெதுவாக இருக்கிறது என்றான். முதல் எட்டு நாளில் மூன்று நாளை எடுத்துவிடலாம், ஜன்னல் சத்தம் இருபதாம் நாளிலேயே லேசாகக் கேட்கத் தொடங்க வேண்டும் என்றான். பிறகு, “வாசல்ல ஒருத்தரு நிக்கிறாரே, அவர மேல வாங்கன்னு கூப்பிடப் பட்டனே இல்ல மேடம். கூப்பிட்டாலும் வரமாட்டாரு. ஆனா கூப்பிட ஒரு பட்டன் இருக்கணும்” என்றான்.

தேவிகா மேசையில் கிடந்த அளவுகோலை எடுத்து நேராக வைத்தார்.

“அவரு எங்க வீட்டுக்காரரோட தம்பி. நான் ஒரு நாளும் கூப்பிடல. எனக்கும் கோவம் இருந்துச்சு,” என்றார். பிறகு, “நடை வேகத்த மாத்தமாட்டேன். நான் அப்படித்தான் நடந்தேன்” என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. ஆனால் நாங்கள் படி இறங்கும்போது அவர் ஒரு காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த வாரம் அந்த ஆட்டம் மறுபடி வெளியே வந்தது. சூரியபிரகாஷ் அதைப் பற்றிக் கருத்து சொல்லவில்லை. வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி, இதைப் பற்றிப் பேசுகிற தகுதியை நான் இழந்துவிட்டேன், நீங்களே ஆடிப் பாருங்கள் என்றான். இப்போதெல்லாம் எந்த ஆட்டமானாலும் எத்தனை மணிநேரம் ஆடினான், எங்கே நிறுத்தினான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறான். போன வாரம் ஒரு ஆட்டத்தைப் பன்னிரண்டாம் மணியில் விட்டுவிட்டதாகவும், ஏன் விட்டான் என்று தனக்கே இன்னும் தெரியவில்லை என்றும் பேசினான்.

திரும்ப வந்த ஆட்டத்தை நானும் ஆடினேன், இதுவரை எந்த ஆட்டமும் ஆடாத நான். முதல் எட்டு நாள் ஐந்தாகிவிட்டது. நடை அப்படியே இருக்கிறது. வாசலில் நிற்கும் ஆளிடம் சொல்ல இப்போது இரண்டு பதில் உண்டு. ஒன்று பரவாயில்லை, இன்னொன்று மேல வாங்க. நான் இரண்டாவதை அழுத்தினேன். அந்த ஆள் மாடிப்படியைப் பார்க்கிறான், ரொம்ப நேரம் பார்க்கிறான். பிறகு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்கிறான்.

சூரியபிரகாஷிடம் இதைச் சொன்னேன். அந்த ஆள் வருகிற எல்லா நாளும் தானும் அழுத்திப் பார்த்ததாகச் சொன்னான். ஒரு நாளாவது அவன் மேலே வருகிறானா என்று கேட்டேன்.

“இல்லண்ணே. சரியாத்தான் வச்சிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவ எழுந்து போனான்.